பாப்பாவுக்கு, கப்பல் ஏறும் முன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் பேசினால் "சரிப்பா, சரிப்பா" என்று இரண்டு நிமிஷத்தில் முடித்துவிடுகிறாய். உன் அம்மா வேறு பக்கத்தில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அதனால்தான் கடுதாசி. மும்பை ஹாஸ்டலுக்கு ஸ்பீட் போஸ்ட்டில் போடுகிறேன். தேர்ட் மேட் ஆபீசராகக் கப்பலில் சேர ஃபுஜைராவுக்கு நீ விமானம் ஏறுவதற்குள் கைக்கு வந்துவிடும். குன்னூரில் விடாத மழை, பர்லியார் பக்கம் மண் சரிந்தால் தபால் ஒரு நாள் தாமதமாகலாம், அவ்வளவுதான்.

"செங்கடல் பக்கம் இத்தனை நாட்டுக் கடற்படை சேர்ந்து காவல் காக்குது, அம்மா எதுக்கு இப்படிப் பயப்படுறாங்க?" என்று கேட்டாய். அம்மாவுக்கு நான் சொன்ன பதில் ஒன்று. உனக்குச் சொல்ல வேண்டியது வேறு.

அம்மாவுக்கு ரூவன் கப்பல் கதையைச் சொன்னேன். 2023 டிசம்பரில் சோமாலியக் கொள்ளையர் பிடித்துக்கொண்டுபோன கப்பல். கொடி மால்டா, முதலாளி பல்கேரியா, உள்ளே இருந்த பதினேழு பேர் பல்கேரியா, மியான்மர், அங்கோலா நாட்டுக்காரர்கள். ஒருத்தர்கூட இந்தியர் இல்லை. அதைத் துரத்திப் பிடித்தது நம்முடைய ஐஎன்எஸ் கொல்கத்தா. 2024 மார்ச்சில், நாற்பது மணி நேரம் விடாமல். சி-17 விமானத்திலிருந்து நம் கடற்படைக் கமாண்டோக்களான மார்கோஸ் வீரர்கள் பாராசூட்டில் நடுக்கடலில் குதித்தார்கள். 35 கொள்ளையரும் சரணடைந்தார்கள், பதினேழு பேரும் உயிரோடு திரும்பினார்கள். கொள்ளையரை மும்பைக்குக் கொண்டுவந்து, 2022-இல் வந்த கடற்கொள்ளைத் தடுப்புச் சட்டத்தின்படி போலீஸிடம் ஒப்படைத்தார்கள். இதைக் கேட்டு அம்மா கொஞ்சம் சமாதானமானாள். "நம்ம ஆளுங்க ஊரார் பிள்ளையையே காப்பாத்துறாங்க, நம்ம பிள்ளையை விட்டுடுவாங்களா" என்றாள். நான் தலையாட்டி வைத்தேன்.

ஆனால் அவள் சொன்னதை நீயும் அப்படியே நம்பிவிடக் கூடாது.

வெலிங்டன் பஜாரில் இத்தனை காலம் யூனிஃபார்ம் தைக்கிறேன். 1947-இல் குவெட்டாவிலிருந்து பிரிந்து, முப்படை ஆபீசர்கள் படிக்கும் ஸ்டாஃப் காலேஜ் இங்கே வந்த நாளிலிருந்து, கடலே தெரியாத இந்த ஆறாயிரம் அடி உயரத்தில் கடற்படைக்காரர்கள் வந்து படித்துக்கொண்டிருக்கிறார்கள். நம் தரைப்படை, கடற்படை, விமானப்படையோடு வருஷத்துக்கு இருபதுக்கும் மேற்பட்ட நாட்டு ஆபீசர்கள். கை ஓரத்துப் பட்டையைப் பார்த்தாலே யார் எந்த ஊர் என்று பாதி சொல்லிவிடுவேன். பழைய பிரிட்டிஷ் வழக்கத்தில் வந்த கடற்படை என்றால் மேல் பட்டையில் ஒரு வளையம் சுற்றி வரும். நமக்கும் அப்படித்தான், இலங்கைக்கும் அப்படித்தான். அமெரிக்கர் என்றால் வளையம் கிடையாது, பட்டைக்கு மேலே ஒரு நட்சத்திரம். அந்த வளையம் ஒரு நூல் கோணினாலும் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

ஒரு முறை கென்யக் கடற்படை ஆபீசர் ஒருத்தர் கோட்டு ட்ரையலுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வங்கதேச ஆபீசர். இருவரும் என்னென்னவோ பேசினார்கள், எனக்குப் பாதி புரியவில்லை. எழுந்து போகும்போது கென்யாக்காரர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டைரியை எடுத்து மற்றவரின் நம்பரை எழுதிக்கொண்டார். அதில் ஏற்கெனவே பக்கம் பக்கமாகப் பெயர்கள். "மாஸ்டர், கோர்ஸ் முடிஞ்சா பாடம் மறந்துடும், இது மறக்காது" என்று சிரித்தார்.

பல நாட்டுக் கடற்படைகள் சேர்ந்து செய்யும் கூட்டுப் பயிற்சி எல்லாம் அந்த டைரியின் பெரிய வடிவம் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். அந்தமானில் 1995-இல் மிலன் பயிற்சி தொடங்கியபோது வெளியிலிருந்து வந்தவை நாலே நாடுகள்: இந்தோனேசியா, சிங்கப்பூர், இலங்கை, தாய்லாந்து. 2024-இல் விசாகப்பட்டினத்தில் ஐம்பது நாடுகள் அளவுக்குக் கூடின. மலபார் பயிற்சி 1992-இல் நாமும் அமெரிக்காவும் மட்டும் செய்தது. 2015-இல் ஜப்பான் நிரந்தரமாகச் சேர்ந்தது, 2020-இல் ஆஸ்திரேலியா வந்தது. டிவியில் வரிசையாகக் கப்பல் நிற்பதைக் காட்டுகிறார்களே, அந்த வரிசை உன்னைக் காப்பாற்றாது. ஓடும் கப்பலிலிருந்து ஓடும் கப்பலுக்கு எண்ணெய் கொடுக்கவும், அடுத்த நாட்டுத் தளத்தில் ஹெலிகாப்டரை இறக்கவும், ஒரே சொல்லில் ரேடியோ பேசவும் பழகுகிறார்களே, அது என்றைக்காவது உதவும்.

உதவியும் இருக்கிறது. 2024 குடியரசு தினத்தன்று ஏடன் வளைகுடாவில் மார்லின் லுவாண்டா என்ற டாங்கரை ஏவுகணை தாக்கியது. உள்ளே நாப்தா, சட்டென்று தீப்பிடிக்கிற எண்ணெய். 22 இந்தியர், ஒரு வங்கதேசத்தவர். ஐஎன்எஸ் விசாகப்பட்டினத்திலிருந்து தீயணைப்புக் குழு போனது, அமெரிக்க, பிரெஞ்சுக் கப்பல்களும் துணைக்கு வந்தன. மணிக்கணக்கில் போராடி அணைத்தார்கள். யாருடைய கப்பல், யார் கொடி என்று யாரும் அங்கே கேட்டுக்கொண்டு நிற்கவில்லை.

சரி, இப்போது மறுபக்கம். பஹ்ரைனில் தலைமையகம் வைத்திருக்கும் கூட்டுக் கடற்படை அமைப்பில் நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் இருக்கின்றன. 2023 நவம்பரில் நாம் முழு உறுப்பினரானோம். பாகிஸ்தான் அதற்குப் பல வருஷம் முன்பே உள்ளே இருக்கிறது. கேட்கவே நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் எந்த நாட்டையும் யாரும் கட்டாயப்படுத்த முடியாது. விருப்பம் இருந்தால் கப்பல் அனுப்பலாம், இல்லாவிட்டால் ஒரு ஆபீசரை அனுப்பிவிட்டுச் சும்மா இருக்கலாம். செங்கடலில் ஏமன் நாட்டு ஹவுதிகள் கப்பல்களைத் தாக்க ஆரம்பித்ததும் 2023 டிசம்பரில் அமெரிக்கா ஒரு கூட்டணியை அறிவித்தது. அமெரிக்காவின் நெருங்கிய நண்பர்களே எல்லோரும் அதில் வரவில்லை. ஸ்பெயின் மாட்டேன் என்றது. பிரான்ஸும் இத்தாலியும் தங்கள் கப்பல் தங்கள் கட்டளையில்தான் இருக்கும் என்றன. இரண்டு மாதம் கழித்து ஐரோப்பா தனியாக ஆஸ்பிடஸ் என்று ஒன்றைத் தொடங்கியது. நாமும் அமெரிக்கக் கூட்டணியில் சேராமல் நம் கப்பல்களைத் தனியாகத்தான் அனுப்பினோம். இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஒவ்வொரு நாடும் தன் எண்ணெய், தன் சரக்கு, தன் தேர்தல் பார்த்துத்தான் கப்பலை அனுப்பும். ஆனால் நீ கப்பலை ஓட்டும் பிரிட்ஜில் நிற்கும்போது அது நினைவிருக்க வேண்டும்.

மலாக்கா ஜலசந்தியைப் பார். 2004-இல் இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் மூன்றும் சேர்ந்து கொள்ளையரைத் தடுக்க ரோந்து ஆரம்பித்தன. அவரவர் எல்லையை அவரவர் பார்த்துக்கொண்டு தகவலை மட்டும் பரிமாறிக்கொண்டார்கள். 2006-லேயே லண்டன் இன்ஷூரன்ஸ்காரர்கள் அந்த இடத்தைப் போர் அபாயப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். கரைக்குச் சொந்தக்காரர்களே காவலுக்கு நின்றதால் அது நடந்தது. செங்கடலில் ஏவுகணை கரையிலிருந்தே அல்லவா வருகிறது! போதாக்குறைக்கு, கொள்ளையனுக்கு வேண்டியது பணம், ஆட்களை உயிரோடு வைத்திருந்தால்தான் அவனுக்கு லாபம். ஏவுகணை விடுகிறவனுக்கு அந்தக் கணக்கு இல்லை. 2025 ஜூலையில் மேஜிக் சீஸ், எடர்னிட்டி சி என்று இரண்டு சரக்குக் கப்பல்களை ஒரே வாரத்தில் மூழ்கடித்தார்கள். எடர்னிட்டி சியில் ஆட்கள் செத்தார்கள், சிலரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கடலில் மிதந்தவர்களைத் தேடி எடுத்தது தனியார் அனுப்பிய கப்பல்கள். அந்த நேரத்தில் பக்கத்தில் போர்க்கப்பல் இல்லை.

இதை அம்மாவிடம் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

நம் மலைப்பாதையில் கல்லார் தாண்டி யானை நின்றால், எதிரே வருகிற லாரிக்காரன் விளக்கைப் போட்டுப் போட்டு அணைப்பானே, அவன் உனக்குச் சொந்தமா, சிநேகிதனா? அந்த மாதிரி வேலையை ஏடன் பக்கம் பிரிட்டிஷ் கடற்படையின் யுகேஎம்டிஓ என்ற தகவல் மையம் செய்கிறது. இங்கே குருகிராமில் 2018-இல் தொடங்கிய தகவல் மையமும் அதைத்தான் செய்கிறது, பல நாட்டு ஆபீசர்கள் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார்கள். (குருகிராமிலும் கடல் கிடையாது, வெலிங்டனிலும் கிடையாது. நம் நாட்டில் கடல் வேலைக்குக் கடல் தேவையில்லை போலிருக்கிறது.) நம் கப்பல் இங்கே இருக்கிறது என்று முன்கூட்டிச் சொல்லிவைத்தால்தான் வருகிறவனுக்கு வழி தெரியும். அது கேப்டன் வேலை என்று விட்டுவிடாதே. எட்டு மணி முதல் பன்னிரண்டு மணி வரை கப்பலைக் கவனிக்கும் வாட்ச் தேர்ட் மேட்டுடையது. ரிப்போர்ட் போயிற்றா என்று நீயே கேள்.

கொள்ளையர் ஏறினால் எல்லோரும் உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும் அறைதானே சிட்டடல், அந்த ஒத்திகையையும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. 2024 ஜனவரியில் லீலா நார்ஃபோக் கப்பலில் கொள்ளையர் ஏறியபோது 21 பேரும் உள்ளே போய்க் கதவைப் பூட்டிக்கொண்டார்கள். அதனால்தான் ஐஎன்எஸ் சென்னையிலிருந்து போன வீரர்கள் பயமில்லாமல் ஏற முடிந்தது. ஒரு ஆள் வெளியே மாட்டிக்கொண்டிருந்தாலும் கதை வேறாகியிருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ராடாரில் தெரிகிற சின்னப் படகெல்லாம் கொள்ளையன் இல்லை. 2012 பிப்ரவரியில் கேரளக் கரைக்கு அப்பால், ஒரு இத்தாலியக் கப்பலின் காவலர்கள் அப்படி நினைத்துச் சுட்டு, இரண்டு மீனவர் செத்துப்போனார்கள். ஒருவர் நம் கன்னியாகுமரி மாவட்டத்துப் பையன். வழக்கு பல வருஷம் இழுத்து, சர்வதேசத் தீர்ப்பாயம் வரைக்கும் போய், 2021-இல் பத்துக் கோடி நஷ்டஈட்டோடு முடிந்தது. உன் கப்பலிலும் துப்பாக்கிக் காவலர் ஏறுவார்கள் என்றாய். அவர்கள் கண்ணும் உன் பைனாகுலரும் ஒரே படகைத்தான் பார்க்கும். வலை தெரிகிறதா, ஏணி தெரிகிறதா என்று பார்த்துச் சொல்.

இப்போது நான் எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன். இந்த வேலையை விடு என்று அப்பா சொல்லவே மாட்டேன். ஆனால் சர்வதேசத் தொழிற்சங்க ஒப்பந்தம் உள்ள கப்பலாக இருந்தால், போர் நடக்கும் பகுதி என்று அறிவித்த இடத்துக்குப் போக மாட்டேன் என்று சொல்லும் உரிமை உனக்கு உண்டு. கம்பெனி தன் செலவில் ஊருக்கு அனுப்ப வேண்டும், இரண்டு மாத அடிப்படைச் சம்பளமும் தர வேண்டும். போகிறேன் என்றால் அங்கே இருக்கும் நாட்களுக்கு அடிப்படைச் சம்பளம் இரட்டிப்பு. அருவங்காட்டுப் பையன் ஒருவனிடம் ஒரு ஏஜென்ட், "இப்ப மாட்டேன்னா அப்புறம் உனக்குக் கப்பலே கிடைக்காது" என்று மிரட்டினானாம். அவன் வாயை மூடிக்கொண்டு போனான். நல்லபடியாகத் திரும்பியும் வந்தான். உன்னிடமும் ஒருத்தன் அப்படிப் பேசினால் எனக்குப் போன் போடு. போவதும் போகாததும் உன் முடிவு, நான் குறுக்கே வர மாட்டேன். போகாவிட்டால் கோழை என்று நம் தெருவில் யாராவது பேசினால் அது என் பாடு.

அம்மா இப்போது புது ஐஎன்எஸ் நீலகிரி போட்டோவை பூஜை அறைப் பக்கத்தில் ஒட்டிவைத்திருக்கிறாள். 2025 ஜனவரியில் சேவைக்கு வந்த கப்பல். 1972-இல் வந்த பழைய நீலகிரியின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். நம் மலை பேரில் கப்பல் இருக்கிறது, அது போதும் என்கிறாள். அது எந்தக் கடலில் நிற்கிறது என்று என்னைக் கேட்கிறாள், கடைக்கு வருகிறவர்களையும் கேட்கச் சொல்கிறாள். யாரிடம் போய்க் கேட்பது, சொல்வார்களா அவர்கள்!

உன் ஒப்பந்தத்தில் போர்ப் பகுதி பற்றிய பக்கத்தையும், சங்கத்தின் பெயர் உள்ள பக்கத்தையும் போட்டோ எடுத்து வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பு. கடைக்கு வரும் ரிட்டயர்டு கேப்டன் ஒருவர் படித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை அவருக்குச் சட்டை ட்ரையல், அப்போதே கேட்டு உனக்குப் போன் செய்கிறேன்.

அன்புடன்,
அப்பா