மாதாமாதம் மருந்து அடித்தும் சிலந்தி ஏன் வருகிறது?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வெயில் ஏறத் தொடங்கிவிட்டால் எங்களுக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை ஒரே கேள்விதான்: "போன மாதம்தானே மருந்து அடித்தீர்கள், மறுபடியும் மூலைக்கு மூலை சிலந்தி இருக்கிறதே, மருந்து சரியில்லையா?" அதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல நினைக்கிறோம். காரணம் புரிந்துவிட்டால் பாதி வேலையை மருந்தே இல்லாமல் நீங்களே முடித்துவிடலாம்.

சுவரில் அடித்துக் காய்ந்த மருந்து, பூச்சியின் உடம்பில் போதிய அளவு ஒட்டினால்தான் வேலை செய்யும். கரப்பான் தரையோடு தரையாக ஓடும். பிறகு காலையும் மீசையையும் வாயால் வழித்துச் சுத்தம் செய்யும். அப்போது மருந்து உள்ளே போய்விடும். சிலந்தி அப்படியில்லை. எட்டுக் கால்களின் நுனியில் உடம்பைத் தூக்கி வைத்து நடக்கும். வலை கட்டும் வகையாக இருந்தால் சுவரைத் தொடாமல் நூலிலேயே நாளெல்லாம் தொங்கும். அதன் முட்டைப் பைக்குள்ளும் மருந்து இறங்காது. போதாக்குறைக்கு, பாலைவன வெயில் நேராக விழும் வெளிச்சுவரில் மருந்தின் வீரியம் சீக்கிரம் குறைந்துவிடும். மேலே படியும் புழுதி மிச்சத்தையும் மூடிவிடும். அதனால்தான் "இன்னும் கொஞ்சம் அடிங்க" என்று கேட்கும்போது எங்கள் ஆட்கள் தயங்குகிறார்கள்.

சிலந்தி உங்கள் சாப்பாட்டுக்காக வருவதில்லை. அது தின்பது பூச்சியை. அந்தப் பூச்சி வருவது தண்ணீருக்காக. சுற்றிலும் காய்ந்து கிடக்கும் நிலத்தில் ஈரமும் குளிர்ச்சியும் உள்ள ஒரே இடம் உங்கள் வீடுதான். ஆகவே வேலையை ஈரத்திலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில் குளியலறைத் தரையில் தண்ணீர் வடியும் ஜாலியைப் பாருங்கள். அதற்குக் கீழே குழாய் வளைந்திருக்கும். அந்த வளைவில் நிற்கும் தண்ணீர்தான் சாக்கடையிலிருந்து நாற்றமும் பூச்சியும் மேலே வராமல் தடுக்கிறது. ஈரப்பதம் குறைந்த ஊர்களில், அதிலும் ஏசி ஓடும் வீட்டில், புழங்காத குளியலறையின் வளைவுத் தண்ணீர் சில வாரங்களிலேயே வற்றிவிடும். பிறகு அது சாக்கடைக் கரப்பானுக்குத் திறந்த கதவு. "வீடு பளிச்சென்று இருக்கிறது, எங்கிருந்து வருகிறது?" என்று திகைப்பவர்கள் வீட்டில் நாங்கள் முதலில் பார்ப்பது விருந்தினர் அறையின் குளியலறையைத்தான். புழங்காத ஒவ்வொரு ஜாலியிலும் வாஷ்பேசினிலும் வாரம் ஒருமுறை ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போகிறீர்கள் என்றால், தண்ணீர் ஊற்றியபின் மேலே இரண்டு மூன்று மேசைக்கரண்டி மினரல் ஆயில் விடுங்கள். எண்ணெய்ப் படலம் தண்ணீர் ஆவியாவதை வெகுவாகக் குறைக்கும். சமையல் எண்ணெயும் வேலை செய்யும், ஆனால் நாளானால் சிக்கு வாடை அடிக்கும்.

அடுத்தது வெளியே. ஏசித் தண்ணீர் சொட்டும் குழாய் சுவரடியிலேயே முடிந்தால், அந்த ஈரத் திட்டில் எறும்பும் கரப்பானும் கூடும். கரையானுக்கும் அதுவே தொடக்கம். குழாயை நீட்டி, சுவரைவிட்டுத் தள்ளி விடுங்கள். சொட்டுநீர்ப் பாசனக் குழாயும் சுவரிலிருந்து அரை மீட்டராவது தள்ளியிருக்கட்டும். மண்ணில் புதைத்த பாசன வால்வுப் பெட்டியின் மூடியை மாதம் ஒருமுறை கையுறை போட்டுக்கொண்டு திறந்து பாருங்கள். இருட்டும் ஈரமும் சேர்ந்த அந்தச் சிறு பெட்டிக்குள் கரப்பான் குஞ்சுகளும், அவற்றைத் தின்ன வந்த, விஷமுள்ள விதவைச் சிலந்தியும் ஒன்றாகவே இருக்கும். சுவரில் பென்சில் தடிமனுக்கு மண் கோடு ஏறியிருந்தால் அது கரையான் பாதை. கோட்டை நீங்கள் துடைத்துவிட்டால் எங்களுக்கு வழி தெரியாமல் போகும்; அப்படியே விட்டுவிட்டு எங்களை அழையுங்கள்.

வாசல் விளக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெள்ளை விளக்கு பூச்சியை இழுக்கும். பூச்சி வந்த இடத்தில் சிலந்தி வலை கட்டும். மஞ்சள் நிற எல்இடிக்கு மாற்றுங்கள், 3000 கெல்வினுக்கும் கீழே இருந்தால் நல்லது. முடிந்தால் விளக்கைக் கதவுக்கு மேலே வைக்காமல், சற்றுத் தள்ளி வைத்து வாசலை நோக்கித் திருப்புங்கள்.

இனி ஓட்டைகள். இரவில் வீட்டு விளக்கை அணைத்துவிட்டு, ஒருவர் வெளியே நின்று டார்ச்சைக் கதவடியில் மெல்ல நகர்த்தட்டும். இன்னொருவர் உள்ளே உட்கார்ந்து பார்க்கட்டும். வெளிச்சம் கசியும் இடமெல்லாம் வழிதான். நடுவில் நன்றாகப் பொருந்தியிருக்கும் கதவு, இரண்டு மூலைகளில் விட்டுப்போயிருப்பதையே அதிகம் பார்க்கிறோம். 2 மில்லிமீட்டர் இடுக்கு இருந்தால் சிறு தேள்கூட உடம்பைத் தட்டையாக்கி நுழைந்துவிடும். கதவடி ரப்பர் பட்டை மாட்டுங்கள். வெயில் படும் வாசலில் ரப்பர் சீக்கிரம் இறுகிவிடும். ஆண்டுக்கு ஒருமுறை விரலால் மடக்கிப் பார்த்து, வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிடுங்கள். ஏசிக் குழாயும் தண்ணீர்க் குழாயும் சுவருக்குள் போகும் துளையில் துருப்பிடிக்காத கம்பி வலையைத் திணித்து, மேலே சிலிக்கான் பூசுங்கள். அக்ரிலிக் பூச்சு மலிவுதான், ஆனால் பகல் வெப்பத்திலும் இரவுக் குளிரிலும் சுவர் விரிந்து சுருங்கும்போது அது பிளந்துவிடும். ஜன்னல் சட்டத்தின் அடியில் தண்ணீர் வடிய விட்ட சிறு துளைகளை மட்டும் பூசி அடைக்காதீர்கள். அவற்றுக்கு நுண்ணிய வலை போதும்.

சிலந்திக்கு எங்கள் முதல் கருவி வேக்குவம் கிளீனர். குழாயை நேராக வலையில் வைத்து சிலந்தி, வலை, முட்டைப் பை மூன்றையும் உறிஞ்சி, பையை உடனே வெளியே கொண்டுபோய்க் கட்டி எறியுங்கள். ஒட்டடைக் கம்பும் நல்லதுதான், ஆனால் முட்டைப் பை கீழே விழுந்து சோபா அடியில் உருண்டுவிடாமல் பார்க்க வேண்டும். விதவைச் சிலந்தியின் ஒரு பையில் நூற்றுக்கணக்கில் முட்டை இருக்கலாம். பொரிந்த குஞ்சுகள் நூலை விட்டுக் காற்றில் பறந்து பரவும். அதனால் பூச்சி குறையும் வரை இதை வாரம் ஒருமுறை செய்ய வேண்டியிருக்கும்.

எல்லாச் சிலந்தியையும் விரட்ட வேண்டியதில்லை. மேல்மூலையில் மெல்லிய நீளக் கால்களோடு தொங்குவதும், ஜன்னலில் குதித்துக் குதித்துப் போகும் சிறியதும் உங்களுக்குத் தீங்கு செய்யாமல் பூச்சியைத்தான் குறைக்கின்றன. ஒட்டகச் சிலந்தி பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் அது சிலந்தியே அல்ல, அதற்கு விஷப்பையும் கிடையாது. நம்மைத் துரத்துவதுபோல் ஓடிவருவது பெரும்பாலும் நம் நிழலைத் தேடித்தான்.

எச்சரிக்கை தேவைப்படுவது விதவைச் சிலந்திக்கு. பெண் சிலந்தி பளபளவென்று கறுப்பாக இருக்கும். பல வகைகளில் வயிற்றின் அடியிலோ முதுகிலோ சிவப்புக் குறி தெரியும். பழுப்பு வகையும் உண்டு, அதன் முட்டைப் பை முள்முள்ளாக இருக்கும். அதன் வலைக்கு ஒழுங்கு கிடையாது. தரையை ஒட்டி, கன்னாபின்னாவென்று பின்னியிருக்கும். குச்சியால் இழுத்துப் பாருங்கள்: மற்ற ஒட்டடைபோல் சத்தமில்லாமல் கையோடு வராது, நூல் விறைத்து நின்று படபடவென்று அறுபடும். அந்தச் சத்தம் கேட்டால் கையை உள்ளே விடாதீர்கள். வெளியே கிடக்கும் நாற்காலியின் அடிப்பக்கம், தண்ணீர் மீட்டர் பெட்டி, அடுக்கிய செங்கல், கார் ஷெட் மூலை, இவைதான் அதற்குப் பிடித்த இடங்கள். பகலில் ஒளிந்திருந்து இரவில் வலையில் தலைகீழாகத் தொங்கும். ஆகவே பொழுது சாய்ந்தபின் டார்ச்சோடு தேடுவதே சரி.

இன்னொன்று, அட்டைப் பெட்டிகளுக்குள் ஒளிந்து வாழும் பழுப்புச் சிலந்தி. மற்றச் சிலந்திகளில் பெரும்பாலானவற்றுக்கு எட்டுக் கண். இதற்கு ஆறு, இரண்டிரண்டாக மூன்று ஜோடி. பழைய துணியையும் புத்தகத்தையும் அட்டைப் பெட்டியில் வைக்காமல், இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டிக்கு மாற்றுங்கள். வெளியே வைத்த செருப்பு, ஷூ, தோட்டக் கையுறை எதையும் உதறாமல் போடாதீர்கள்.

தேள் இருக்கிறதா என்று பார்க்க 365 முதல் 395 நானோமீட்டர் புற ஊதா டார்ச் ஒன்று போதும். பொழுது சாய்ந்து இரண்டு மணி நேரம் கழித்து மதில் சுவரில் அடித்தால், தேள் பச்சை நீலமாக ஒளிரும். நீளமான இடுக்கி இல்லாமல் கிட்டே போக வேண்டாம்.

கரப்பானுக்கு வருவோம். சமையலறையில் முதுகில் இரண்டு கறுப்புக் கோடுகளோடு, ஒன்றரை சென்டிமீட்டர் நீளத்தில் ஓடுவது ஜெர்மன் கரப்பான். ஒரு முட்டைக் கூட்டில் 30 முதல் 40 வரை குஞ்சு பொரிக்கும். இதற்கு மருந்து கலந்த தீனியான ஜெல்தான் சரி: அரிசி அளவில் சிறு சிறு பொட்டாக, அலமாரிக் கீல், ஃப்ரிட்ஜ் மோட்டார் பக்கம், சிங்க் அடியில் வையுங்கள். வறண்ட காற்றில் ஜெல் சீக்கிரம் தோல்கட்டிக் காய்ந்துவிடும். காய்ந்ததைக் கரப்பான் தொடாது. வாரம் ஒருமுறை பார்த்து, காய்ந்ததை வழித்துவிட்டுப் புதிதாக வையுங்கள். ஒரு வேண்டுகோள்: ஜெல் வைத்த இடத்தில் கடையில் வாங்கிய ஸ்பிரேயை அடிக்காதீர்கள். அந்த வாடைக்குக் கரப்பான் விலகிப்போகும், ஜெல் வீணாகும். எங்கள் வேலை பலிக்காமல் போகும் வீடுகளில் மிகுதியும் இதுதான் காரணம். அறை முழுக்கப் புகை விடும் டப்பாவும் வேண்டாம். புகை இடுக்குக்குள் போகாது, கரப்பான் பக்கத்து அறைக்கு நகரும், அடுப்பு எரிந்தால் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு.

எறும்பு வரிசைக்கும் இதே கதைதான். சிலவகைச் சின்ன எறும்புகள் மேல் மருந்து அடித்தால் ஒரு கூட்டம் பல கூட்டமாகப் பிரிந்துவிடும். 100 மில்லி வெந்நீரில் 15 கிராம் சர்க்கரை, 1 கிராம் போரிக் பவுடர் கலந்து, பஞ்சில் நனைத்து, துளையிட்ட டப்பாவுக்குள் வரிசையின் பக்கத்தில் வையுங்கள். போரிக்கைக் கூட்டாதீர்கள், கூட்டினால் வேலைக்கார எறும்பு கூட்டுக்குப் போய்ச் சேருமுன்பே செத்துவிடும், ராணி தப்பிவிடும். குழந்தையும் செல்லப்பிராணியும் எட்டாத இடம் முக்கியம்.

ஒட்டு அட்டைகளைச் சுவரோரமாக, கூடாரம்போல் மடித்து வையுங்கள். விரித்து வைத்தால் புழுதி படிந்து பசை போய்விடும். வைத்த தேதியை மேலே எழுதுங்கள். எந்த அட்டையில் எது விழுந்தது என்பதே அடுத்து எங்கே பார்க்க வேண்டும் என்று எங்களுக்குக் காட்டும். வெளியே வைக்காதீர்கள், பல்லியும் ஓணானும் மாட்டிக்கொள்ளும். மாட்டிய பல்லியின்மேல் சில சொட்டுச் சமையல் எண்ணெய் விட்டால் பசை இளகும்.

கடி விஷயத்தில் தாமதம் கூடாது. சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள். கட்டுவதும் கீறுவதும் உறிஞ்சுவதும் வேண்டாம். தசை இறுக்கம், வயிற்று வலி, வியர்வை வந்தாலோ, தேள் கொட்டியது குழந்தையை என்றாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். முடிந்தால் கடித்ததைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், தேடிக்கொண்டு நிற்காதீர்கள்.

அடுத்த முறை நாங்கள் வருவதற்கு முன் சிங்க் அடியையும் கட்டில் அடியையும் காலி செய்து வைத்தால் நேரம் மிச்சமாகும். ஒட்டு அட்டைகளை எறிந்துவிடாமல் வைத்திருங்கள். வீட்டில் பூனையோ மீன்தொட்டியோ இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: நாங்கள் பயன்படுத்தும் சில மருந்துகள் மனிதர்களைவிட அவற்றுக்குப் பல மடங்கு கெடுதல். தொட்டியை மூடி, காற்று மோட்டாரை நிறுத்திய பிறகே வேலையைத் தொடங்குவோம்.

அன்புடன்,
உங்கள் பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணிக்குழு