அந்த மார்கழி ராத்திரி எந்தப் பெயரில் இருக்கிறது?

பாம்பன்

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை நம் கரையைப் படமும் ஒலியுமாக இணையத்தில் ஏற்றிவரும் தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம். கிளை நூலகத்தில் 27 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். உங்கள் வேலையைத் தினமும் பார்க்கிறேன். கரைவலை இழுப்பது, வத்தை என்னும் நாட்டுப் படகுக்குப் பாய் கட்டுவது, கடற்பாசி எடுக்கப் போகும் பெண்கள் விரலில் துணி சுற்றிக்கொள்வது எல்லாவற்றையும் எடுத்து வைத்திருக்கிறீர்கள். என் தலைமுறை செய்யாமல் விட்ட வேலை இது. அதனால்தான் இந்த மடல்.

போன வருடம் என் அண்ணன் பேத்தி பள்ளிக்கூடத்துக்காக 1964 புயலைப் பற்றி எழுத வேண்டியிருந்தது. கைப்பேசியில் ‘தனுஷ்கோடி புயல்’ என்று தேடினாள். இடிந்த தேவாலயம் வந்தது, அதன் முன்னால் நின்று எடுத்த செல்ஃபிகள் வந்தன, ரயில் அடித்துக்கொண்டு போனதை ஒரே மாதிரி சொல்லும் வீடியோக்கள் வரிசையாக வந்தன. டிசம்பர் 22 இரவு இந்தத் தீவில் இருந்த ஒருவருடைய குரல் அதில் இல்லை. ஆனால் அப்படி ஒரு குரல் இணையத்தில் இருப்பது எனக்குத் தெரியும். எங்கள் தெருப் பெரியவர் முக்கால் மணி நேரம் பேசியதை உங்களில் சிலர்தான் பதிவு செய்தீர்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்று சாயங்காலம் தேடினோம். கடைசியில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துத்தான் பிடித்தோம். ‘தாத்தாவின் அனுபவம் பகுதி 2’ என்ற தலைப்பில் கிடந்தது. மறுபடி கேட்டபோதுதான் விஷயம் உறைத்தது. அந்த முக்கால் மணி நேரத்தில் அவர் ஒரு தடவைகூட தனுஷ்கோடி என்று சொல்லவில்லை. புயல் என்று சொல்லவில்லை. வருடமும் சொல்லவில்லை. “அந்த மார்கழி ராத்திரி” என்கிறார். “கடல் எந்திரிச்சு வந்துச்சு” என்கிறார். ஊரை “அங்கிட்டு” என்கிறார். கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்கு எல்லாம் தெரியுமே, அவர் ஏன் பெயர் சொல்லப்போகிறார்? ஒரு சங்கதியை நெருங்கி அறிந்தவர்கள் அதன் பெயரைச் சொல்லிப் பேசுவதில்லை. வீட்டில் யாரும் ‘நம் வீடு’ என்று சொல்லிக்கொண்டா நடமாடுகிறோம்?

தேடுபொறி எழுத்தைப் பார்த்துத்தான் எடுத்துக் கொடுக்கும். எழுத்தில் இல்லாததை அது எங்கே போய்த் தேடும்? அந்தப் பதிவின் கீழே ‘1964 புயல்’, ‘தனுஷ்கோடி’, ‘பாம்பன்’ என்று மூன்று குறிச்சொற்களை யாராவது இட்டிருந்தால் பேத்திக்கு அரை நிமிட வேலை. பேசியவர் சொல்லாமல் விட்டதைக் கேட்டவர் எழுதி வைப்பதுதான் குறிச்சொல். அதை நீங்கள் மட்டும்தான் செய்ய முடியும், ஏனென்றால் பேசும்போது அங்கே இருந்தவர்கள் நீங்கள்.

‘இப்போதெல்லாம் தேடல் நன்றாக வளர்ந்துவிட்டது, இதற்கெல்லாம் மெனக்கெட வேண்டாம்’ என்று உங்களில் ஒரு தம்பி என்னிடம் சொன்னார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 2004-இல் ஜிமெயில் வந்தபோது, கடிதங்களை அடுக்கி வைக்காதீர்கள், தேடிக்கொள்ளுங்கள் என்றுதான் சொன்னார்கள். ஆனால் அதே ஜிமெயில், ஒரே கடிதத்துக்கு எத்தனை அடையாளச் சீட்டு வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ள வசதியும் கொடுத்தது. எழுத்தாக இருப்பதற்கு, அதுவும் பெயர் தெரிந்து கேட்பதற்கு, தேடலை மிஞ்ச ஒன்றும் இல்லை. ரயில் நேரம் பார்க்க எனக்குக் குறிச்சொல் வேண்டாம். படத்திலும் குரலிலும்தான் தேடல் தடுமாறுகிறது. பேச்சை எழுத்தாக மாற்றும் செயலி ஒன்றில் அந்தப் பதிவைப் போட்டுப் பார்த்தோம். ‘வத்தை’ என்று அவர் சொன்ன இடத்திலெல்லாம் அது ‘வார்த்தை’ என்று எழுதியது.

எழுத்தாக இருந்தாலும் தமிழில் தேடல் லேசானதல்ல. கடல் என்று தேடினால் கடற்கரையில் அந்த ‘ல்’ இல்லை. மரம் என்று தேடினால் மரத்தில் அந்த ‘ம்’ இல்லை. இராமேஸ்வரம், ராமேஸ்வரம், இராமேசுவரம் மூன்றும் ஒரே ஊர். நம் மாவட்டமோ ஒருவர் எழுத்தில் இராமநாதபுரம், இன்னொருவர் எழுத்தில் ராம்நாட், கவிதை எழுதுகிறவருக்கு முகவை. பழைய மலர்களைக் கணினியில் ஏற்றி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சங்கடம். தமிழக அரசு 2010-இல்தான் யூனிகோடைத் தரமாக ஏற்றது. அதற்கு முன்னால், ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போர்த்திய பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பு நம் கண்ணுக்குத்தான் தமிழ். அதில் ‘கடல்’ என்பது உள்ளே எஃப், எல், ஒய், ஓர் அரைப்புள்ளி. தேடுபொறி அதைப் பறத்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாகவே எடுத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட கோப்புக்கு வெளியே நான்கு தமிழ்ச் சொல் எழுதி ஒட்டினாலே போதும், அது மறுபடி கண்ணில் படும்.

பெயர்களின் விஷயம் இதைவிட ஆழம். சென்னையில் வஞ்சிரம் என்பது நம் தென்கரைப் பக்கம் சீலா, குமரிக்குப் போனால் நெய்மீன். சென்னைச் சந்தையில் ஷீலா என்று கேட்டால் வேறு மீனைக் கொடுப்பார்கள். கடற்பசு என்று புத்தகம் எழுதும், நம் ஆட்கள் ஆவுளியா என்பார்கள். மன்னார் வளைகுடா, பாக் விரிகுடா என்று வரைபடம் சொல்லும், பாம்பனில் தென்கடல், வடகடல். தனுஷ்கோடியில் ஆண் கடல், பெண் கடல். 2000-ஐ ஒட்டி இங்கே வளர்க்கத் தொடங்கிய கப்பாபைகஸ் பாசியைக் கொண்டுவந்த கம்பெனியின் பெயராலேயே நம் பெண்கள் ‘பெப்சி பாசி’ என்கிறார்கள். அதை ஆராய வருகிற மாணவர் அறிவியல் பெயரைப் போட்டுத் தேடினால், அதைக் கட்டி, காயவைத்து, எடை போட்டு விற்ற பெண்ணின் பேட்டி அவருக்கு எப்படி அகப்படும்? மரிக்கொழுந்து என்று அவர்கள் சொல்வது பூ அல்ல, பாசி என்று தேடுபொறிக்கு யார் சொல்வது?

நூலகத்தில் இதற்கு ஒரு பழைய வழி உண்டு. நூல் விவர அட்டைகளை அடுக்கும் பெட்டியில் ‘வஞ்சிரம்: சீலா காண்க’ என்று ஓர் அட்டை செருகி வைப்போம். எந்தப் பெயரில் வந்தாலும் ஆள் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்துவிடுவார். நீங்கள் செய்ய வேண்டியதும் அதுதான். கரையின் பெயர் ஒன்று, வெளியூர்க்காரர் அறிந்த பெயர் ஒன்று, இரண்டையும் போடுங்கள். ஆவுளியாவை விட்டுவிட்டு கடற்பசு மட்டும் போட்டால், படம் யாருடைய கடலில் எடுத்ததோ அவர்கள் அதைக் கண்டுபிடிக்க முடியாமல் போகும். அது எனக்கு மனசு ஆறாத விஷயம்.

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதனை எங்கள் தொழிலில் எல்லோரும் வணங்குவோம். நூல்களை வகைப்படுத்த 1933-இல் அவர் கொண்டுவந்த கோலன் பகுப்பு முறையின் அடிப்படை, ஒரு நூலை ஒரே பெட்டியில் அடைக்காமல் அதன் பல முகங்களைத் தனித்தனியாகக் குறித்து வைப்பது. எது பற்றியது, அதில் என்ன நடக்கிறது, எந்த இடம், எந்தக் காலம் என்று ஒவ்வொன்றும் ஒரு முகம். படம் பகிரும் ஃபிளிக்கர் போன்ற தளங்களில் ஆளாளுக்குக் குறிச்சொல் இடத் தொடங்கியது 2004 வாக்கில். எழுபது வருடம் முன்னதாகவே நம் ஊர்க்காரர் அந்த வேலையை ஒழுங்காகச் செய்து வைத்திருக்கிறார் என்று எனக்குப் பெருமை.

அந்த முகங்களை நம் கரைக்கு ஏற்ப எடுத்துக்கொள்ளுங்கள். ஊர் எது, எந்தக் கடல், என்ன தொழில், எந்தப் பொருள், எந்த வருடம். காற்றையும் சேருங்கள் என்பேன். வாடை வீசும்போது வடகடல் கொந்தளிக்கும், கச்சான் காற்று வந்தால் தென்கடல். ‘ஜூலை’ என்று எழுதுவதைவிட ‘கச்சான் காலம்’ என்று எழுதினால் அந்தப் படத்தில் வத்தைகள் ஏன் வடக்கே நிற்கின்றன என்று பார்ப்பவருக்குப் புரியும். வாட்ஸ்அப்பில் கைமாறி வந்த படமென்றால் எடுத்த தேதி, இடம் எல்லாம் உதிர்ந்துபோய்த்தான் உங்களிடம் வரும். அனுப்பியவரிடம் அன்றைக்கே கேட்டு எழுதிவிடுங்கள்.

குறிச்சொல் சேர்த்து வைப்பதோடு பிரித்தும் காட்ட வேண்டும். பாம்பன் பாலம் என்று மட்டும் போட்டால் எந்தப் பாலம்? 1914-இல் திறந்த ரயில் பாலம், 1988-இல் வந்த சாலைப் பாலம், 2025 ஏப்ரலில் திறந்த புது ரயில் பாலம் மூன்றுக்கும் அதுதான் பேர். பழைய ரயில் பாலம் கப்பலுக்கு இரண்டு கையாகப் பிரிந்து மேலே போனது, புதியது நடுவில் அப்படியே செங்குத்தாக உயரும். வருடத்தைச் சேர்த்துப் போட்டால் குழப்பம் தீர்ந்தது. ‘வைரல்’, ‘டிரெண்டிங்’ போடுவதை நிறுத்துங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். நூலகத்தில் இருக்கிற ஒவ்வொரு நூலின் மேலும் ‘நல்ல நூல்’ என்று ஒட்டினால் தேடி வருகிறவர் என்ன செய்வார்? ‘ராமேஸ்வரம்’ தனியாக நின்றாலும் அதே கதி. கோயில், விடுதி, வாடகை வண்டி எல்லாம் அதற்குள் கிடக்கும், நம் கரைவலைக்காரர் அடியில் போய்விடுவார்.

குறிக்கக் கூடாதவையும் உண்டு. ஆவுளியா மேயும் இடம், ஆமை முட்டையிட்ட இடம், கடல் அட்டை கிடக்கும் இடம் ஆகியவற்றைத் துல்லியமாகக் குறிக்காதீர்கள். கடல் அட்டை பிடிக்க 2001-இலிருந்து தடை, ஆனாலும் கடத்தல் நின்றபாடில்லை. தேடி வருபவர் எல்லோரும் நல்லவரல்லர். அங்கே ‘மன்னார் வளைகுடா’ என்று நிறுத்திக்கொள்ளுங்கள். பாசிக்குத் தீவுப் பக்கம் போகிற பெண்களின் முகத்தோடு இடமும் நாளும் சேர்த்துப் போட்டால் அவர்களுக்கு அதிகாரிகளிடம் சங்கடம் வரலாம். அவர்களிடம் கேளுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

என்னால் ஆனதை நான் செய்திருக்கிறேன். மீன், பாசி, வலை, காற்று, ஊர் என்று கரைச் சொற்களை ஒரு நோட்டில் எழுதி, பக்கத்தில் வெளியூர்ப் பெயரையும் எழுதியிருக்கிறேன். பாசிக்குப் போகிற மூன்று பெண்கள் உட்கார்ந்து பாசிப் பக்கங்களைத் திருத்திக் கொடுத்தார்கள். யார் வேண்டுமானாலும் வந்து படம் பிடித்துக்கொண்டு போகலாம். மீன் பக்கங்களில் இன்னும் தகராறு இருக்கிறது. சூடை, சாளை, பேச்சாளை மூன்றையும் எங்கே பிரிப்பது என்று தெருவுக்கு ஒரு கணக்கு சொல்கிறார்கள். தொண்டிப் பக்கம் எப்படிச் சொல்கிறார்கள் என்று அங்கிருந்து யாராவது கேட்டு எழுதினால் அந்தப் பக்கத்தை முடித்துவிடுவேன்.

அந்தப் பெரியவரின் பதிவுக்கு மட்டும் இந்த வாரமே ‘1964 புயல்’ என்று எழுதிவிடுங்கள். ‘மார்கழி ராத்திரி’ என்பதையும் சேர்த்துப் போடுங்கள். அவர் தெருவில் அதற்கு அதுதான் பெயர்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற கிளை நூலகர் ஒருத்தி