காசு அனுப்பாதே

அன்புள்ள மச்சானுக்கு,

காசு அனுப்பாதே. முதலில் அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றக் கதை. அக்காவின் கணனிக்கு மதர்போட், எல்லாம் பூட்டியிருக்கும் அந்தப் பெரிய பலகை, போகவில்லை. போனது அதில் செருகும் ஒரு ரேம், ஒரு நினைவகத் துண்டு, மட்டும்தான். புதுக் கணனிக்கென்று நீ எடுத்து வைத்ததை அப்படியே வைத்திரு.

போனில் நீ சொல்லும்போதே எனக்கு ரேமில்தான் சந்தேகம். சுவிச்சைப் போட்டால் விசிறி சுற்றுகிறது, உள்ளே லைட் எரிகிறது, திரை மட்டும் கறுப்பு. கொஞ்ச நேரத்தில் தானே நின்று திரும்பவும் தானே தொடங்குகிறது. விண்டோஸ் கெட்டிருந்தால் அதற்கு முன்னர் மதர்போட் கம்பனியின் பெயராவது திரையில் வந்து போயிருக்கும். அதுவும் வரவில்லை என்றால் விஷயம் அதற்கும் அடியில்.

கணனி எழும்பும்போது, போர்ட்டிலேயே பதிந்திருக்கும் தொடக்க நிரலான பயோஸ் முதலில் ரேமைக் கண்டுபிடித்து ஒழுங்குபடுத்த வேண்டும். அது முடிந்தால்தான் திரைக்கு ஏதாவது போகும். ரேம் சரிவரவில்லை என்றால், சரிவரவில்லை என்று எழுதிக் காட்டக்கூட அதற்கு வழியில்லை. பழைய மெஷின்கள் பீப் பீப் என்று கத்தியது அதனால்தான். அக்காவின் கேசிங்கில் ஸ்பீக்கரே பூட்டவில்லை. ஆனால் மதர்போட்டின் ஓரத்தில் நாலு குட்டி லைட் இருக்கிறது: சிபியு, டிராம், விஜிஏ, பூட். ரேமுக்குரிய டிராம் லைட் அணையாமல் நின்றது. போன மாதம் வந்த ரிப்பேர்காரர் மூடியையே கழற்றவில்லையாம். வாசலில் நின்றபடியே "போர்ட் போயிட்டுது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனாராம். வைத்தியர் நாடி பிடிக்காமல் மருந்து எழுதினால் அக்கா விடுவாவா? இவரை விட்டிருக்கிறா.

பிளக்கைக் கழற்றி, மிச்சக் கரண்ட் இறங்கப் பவர் பட்டனை ஒருக்கா அமத்தி, கேசிங்கின் இரும்பைத் தொட்டுவிட்டு ரேம் இரண்டையும் எடுத்தேன். கீழ்க்கரையில் தங்கப்பூச்சுப் பல்வரிசை இருக்குமே, அது மங்கி, இடையிடையே கறை பிடித்துக் கிடந்தது. தங்கம் கறுக்காதே என்று நீ கேட்பாய். பூச்சு அவ்வளவு மெல்லியது. அதில் உள்ள நுண்துளைகளால் ஈரமும் உப்பும் அடியிலுள்ள நிக்கலையும் செம்பையும் பிடிக்கும். அக்காவின் மேசை எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரியும். ஜன்னல், அதற்கப்பால் மரைன் டிரைவ், ரயில் பாதை, கடல். ஆனி ஆடியில் தென்மேல் காற்று அடித்தால் ஜன்னல் கம்பியே பிசுபிசுக்கும். ரேம் மட்டும் தப்புமா?

அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைத் தட்டி, ஐசோப்ரோபைல் அல்ககோலில் நனைத்த துணியால் துடைத்தேன். இதோடு எழும்பிவிடும் கேஸ்கள்தான் அதிகம். இது எழும்பவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகப் பார்ப்பதுதான் வழி. ஒரே ஒரு ரேமை, சிபியு என்ற மூளைச் சிப்பின் பக்கமிருந்து எண்ணி இரண்டாவது ஸ்லொட்டில், இரண்டு பக்கமும் 'கிளிக்' என்று பூட்டும்வரை அமத்திப் பார்க்க வேண்டும். நாலு ஸ்லொட் உள்ள போர்ட்டுகள் பெரும்பாலும் ஒற்றை ரேமை அங்கேதான் கேட்கும். முதலாவது ரேமோடு கணனி எழும்பியது. அதே ஸ்லொட்டில் மற்றதைப் போட்டால் திரும்பவும் கறுப்பு. ஸ்லொட்டும் நல்லது, போர்ட்டும் நல்லது. சந்தேகம் தீர, பழுதான ரேமை என் வீட்டு மெஷினிலும் போட்டுப் பார்த்தேன். அங்கேயும் அதே கதை.

நல்ல ரேமையும் நான் சும்மா நம்பவில்லை. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 நிரலைப் பென் டிரைவில் ஏற்றி இரவு முழுக்க ஓடவிட்டேன். அதில் பிழை ஒன்றும் வரக்கூடாது. ஒன்றே ஒன்று வந்தாலும் அந்த ரேம் ஆகாது. சுத்தமாக வந்தது.

இன்னொன்று. அக்கா இவ்வளவு நாளும் சொன்ன முறைப்பாடெல்லாம் இப்போது பொருந்துகிறது. படங்களில் பாதி சாம்பல் நிறமாகிப் போனது, நீலத் திரை வந்து மெமரி மனேஜ்மென்ட் என்று எழுதியது, எல்லாம் அந்த ரேமின் வேலை என்றே நினைக்கிறேன். அதற்காக இரண்டு தரம் விண்டோஸைப் புதிதாகப் போட்டுக் காசு வாங்கியிருக்கிறார்கள். பழுதான ரேமோடு விண்டோஸ் போட்டால் அதுவும் பழுதாகத்தான் ஏறும்.

பழுதே இல்லாத ரேமிலும் எப்போதாவது, சேமித்த 0, 1களில் ஒன்று, அதாவது ஒரு பிட், தானாகப் புரளும், தெரியுமா? 1978இல் இன்டெல்லைச் சேர்ந்த மே, வூட்ஸ் என்ற இருவர், சிப்பின் பீங்கான் உறையில் இருந்த துளியளவு கதிரியக்கப் பொருளின் அல்பா துணிக்கைகள் அதைச் செய்வதாகக் காட்டினார்கள். பௌதிக வகுப்பில் அல்பா துணிக்கையைப் படித்துவிட்டு இதால் எங்களுக்கு என்ன பிரயோசனம் என்று பின்வாங்கிலிருந்து கேட்டவன் நீதான்.

இப்போது 8 ஜிபியில் ஓடுகிறது. ஸ்கைப் மூடப்பட்டபின் அதன் இடத்தில் வந்த வீடியோ அழைப்பெல்லாம் அக்காவுக்கு அதில் தாராளமாக ஓடும். இன்னொன்று வேண்டுமென்றால் கணனிக் கடைகள் நிறைந்த யூனிட்டி பிளாசாவில், அக்காவின் போர்ட்டுக்குரிய டிடிஆர் 4 வகையாகப் பார்த்து வாங்கலாம். அடுத்த தலைமுறையான டிடிஆர் 5க்கும் அதே 288 பின்தான், ஆனால் பல்வரிசைக்கு நடுவிலுள்ள வெட்டு வேறிடத்தில், பூட்டவராது. ஆனால் இப்போது ரேம் விலை இருக்கிற இருப்பில் நான் அவசரப்பட மாட்டேன். ஏஐ கம்பனிகள் மெமரியை எல்லாம் அள்ளிக்கொண்டு போக, விலையேற்றம் எங்கள் தலையில் விடிகிறது.

உன் மகன் புது மெஷின் பூட்டுகிறான் என்றாயே. டிடிஆர் 5 என்றால் முதல் தரம் போடும்போது சில நிமிடம் கறுப்பாகவே நிற்கலாம். ரேமை அது பழக்கிக்கொள்ளும் நேரம் அது. பயந்து இடையில் நிப்பாட்ட வேண்டாம் என்று சொல்.

மேசையை ஜன்னலடியிலிருந்து நகர்த்தச் சொன்னேன். "நகர்த்தினா ரயிலை எப்படிப் பாக்கிறது?" என்கிறா. நீ சொன்னால் கேட்பாவோ தெரியாது. என் வீட்டில் எல்லோரும் சுகம். மகளுக்கு ஓ.எல். பரீட்சை நெருங்குகிறது, அதனால் டிவி இல்லை, கிரிக்கெட்டும் எனக்குப் போனில்தான்.

ஒரு வேலை மட்டும் உனக்கு. பல ரேம் கம்பனிகள் ஆயுட்கால வாரண்டி கொடுக்கின்றன. நீ இங்கே வந்து நின்றபோது வாங்கித் தந்த பில் உன் மெயிலில் கிடக்கும். தேடி எனக்கு அனுப்பிவிடு, ரேமில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரோடு நான் கடைக்குப் போய்க் கதைக்கிறேன்.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து உன் மச்சான்