மதினிக்கு, நீங்கள் கொடுத்த ஜாடி குறித்து

அன்புள்ள மதினிக்கு,

உங்கள் தம்பியான என் கணவரின் முதலாம் ஆண்டுத் திவசத்தன்று படையல் இலையில், மோரிலும் உப்பிலும் ஊறவைத்துக் காயவைத்த மிதுக்க வத்தலை வைத்துவிட்டு, "உசிரோட இருக்கும்போது கெடைக்காதது இப்பவாவது கெடைக்கட்டும்" என்று சொன்னீர்கள். கூடம் நிறைய உறவினர்கள் இருந்தார்கள். நான் வாய் திறந்திருந்தால் அது சண்டையில்தான் முடிந்திருக்கும் என்பதால் பேசாமல் இருந்துவிட்டேன். ஆனால் எல்லோர் காதிலும் விழுந்த ஒரு சொல்லுக்கு உங்களுக்கு மட்டும் தனியாகப் பதில் எழுதினால், அந்தச் சொல் ஊரில் நிற்கும், என் பதில் உங்கள் வீட்டு அலமாரியோடு நின்றுவிடும். ஆகவே எல்லோரும் படிக்கும்படியாகவே எழுதுகிறேன். யார் பெயரையும் குறிப்பிடப் போவதில்லை. ஆஸ்பத்திரிச் செலவைப் பற்றியும், பதினாறாம் நாள் வாசலில் பேசப்பட்டதைப் பற்றியும் இதில் ஒரு வரிகூட இராது. அவை நாம் இருவரும் நேரில் உட்கார்ந்து பேச வேண்டியவை. இந்தக் கடிதம் உப்பைப் பற்றியது.

நோயின் கதை உங்களுக்குத் தெரியும். சிறுநீரகங்கள் பாதிக்கு மேல் செயலிழந்துவிட்ட ஒருவருடைய உடலில் உப்பு என்ன செய்யும் என்று மருத்துவர் விளக்கியபோது நீங்கள் உடன் இல்லை என்பதால், அதை மட்டும் சொல்கிறேன். நல்ல நிலையில் இருக்கும் சிறுநீரகங்கள் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடிகட்டி, உடலுக்கு வேண்டியதைத் திரும்ப எடுத்துக்கொண்டு, மிகுதியான உப்பையும் கழிவையும் சிறுநீராக வெளியேற்றுகின்றன. அந்த வேலை தளர்ந்துவிட்டால் உப்பு உடலிலேயே தங்குகிறது. உப்பு தங்கும் இடத்தில் நீரும் தங்குகிறது. குழாய்களில் ஓடும் இரத்தத்தின் அளவு கூடி, அழுத்தம் ஏறி, மிச்சமிருக்கும் நுண்ணிய வடிகட்டிகளையும் அந்த அழுத்தமே சிதைக்கிறது. அவருடைய கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி விழுந்து, வெகுநேரம் அப்படியே நிற்கும். அதைப் பார்த்துவிட்டு, காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் வீங்கத்தான் செய்யும் என்றீர்கள். நான் அன்றும் மறுத்துப் பேசவில்லை.

ஒருவருக்கு ஒரு நாளைக்கு மொத்தமாக 5 கிராமுக்குள், அதாவது தலை தட்டிய ஒரு தேக்கரண்டிக்குள் உப்பு இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியும் அதே அளவைத்தான் சொல்கிறது. நம் நாட்டில் ஒருவர் சராசரியாக உண்பது 8 கிராம் அளவில் இருப்பதாகக் கணக்கெடுத்திருக்கிறார்கள். மேல்நாடுகளில் பெரும்பங்கு உப்பு, கடையில் வாங்கும் பண்டங்களின் வழியாக உடலுக்குள் போகிறது. நம் வீடுகளிலோ அடுப்படியில் நாமே அள்ளிப் போடுவதுதான் அதிகம். சோற்றில், குழம்பில், பொரியலில், மோரில் என்று நான்கு இடங்களில் போட்ட பிறகு, தொட்டுக்கொள்ள ஒரு ஊறுகாய், ஒரு கருவாட்டுத் துண்டு, இரண்டு மோர்மிளகாய், ஒரு அப்பளம். அப்பளத்தில் உப்பு போதாதென்று அப்பளக்காரமும் சேர்கிறது, அதுவும் சோடியம்தான். நான் காலையில் ஒரு சிறு கிண்ணத்தில் அன்றைக்கு உரிய உப்பை அளந்து வைத்துக்கொண்டு, அதற்குள்ளேயே மூன்று வேளையையும் முடிப்பேன். எலுமிச்சைச் சாறு, மிளகு, சீரகம், வறுத்துப் பொடித்த மல்லி என்று கையில் கிடைத்ததையெல்லாம் போட்டு அந்தச் சாப்பாட்டுக்கு ஒரு ருசியைக் கொண்டுவர நான் பட்ட பாட்டை நீங்கள் ஒரு முறையாவது பக்கத்தில் நின்று பார்த்திருக்கலாம்.

மாமாவைப் பற்றி நீங்கள் எப்போதும் சொல்வதை நான் மறுக்கவில்லை. அவர் பழைய சோற்றில் ஒரு பிடி கல்லுப்பைப் போட்டுப் பிசைந்து, சுட்ட கருவாட்டைக் கடித்துக்கொண்டு, எண்பது வயதைத் தாண்டியும் திடமாக நடமாடினார். தூத்துக்குடி உப்பளத்துப் பாத்திகளில் பங்குனி வெயிலில் நாள் முழுவதும் வாருபலகையை இழுத்தவர் அவர். அவர் தின்ற உப்பில் பெரும்பகுதி வேர்வையாக அவர் முதுகிலேயே பூத்துக் காய்ந்ததை நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். அவருடைய மகனோ மின்விசிறிக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்து முப்பது வருஷம் கணக்கு எழுதினார். ஆனால் தட்டில் விழுந்தது மட்டும் அப்பாவின் சாப்பாடாகவே இருந்தது. உப்பைத் தாங்கும் வலு ஆளுக்கு ஆள் வேறுபடும் என்றும் மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஒருவர் நன்றாக வாழ்ந்தார் என்பதை வைத்து இன்னொருவருக்குச் சாப்பாடு போட முடியாது, மதினி.

அந்த ஆவணி மாதத்து மாலையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதைப் பற்றி நாம் ஒரு நாளும் பேசியதில்லை. திவசத்தன்று நீங்கள் சொன்ன சொல்லுக்கு வேர் அந்த மாலையில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கட்டைப் பையில் ஜாடியை வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினீர்கள். முகம் கழுவியதும் நேரே அடுக்களைக்குள் போய், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், வாணலியில் எண்ணெயை ஊற்றி வத்தலைப் பொரித்தீர்கள். அந்த மணம் வீடெங்கும் பரவியபோது, பல மாதங்களாக எந்தச் சாப்பாட்டு மணத்துக்கும் தலை திருப்பாத அவர் சாய்வு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன். தடுக்க வேண்டும் என்றுதான் கதவு வரை போனேன். ஒன்று தின்றால் என்ன ஆகிவிடும் என்று நீங்கள் கேட்ட குரலில் கெஞ்சல் இருந்தது. உங்களை நான் அப்படிப் பார்த்ததே இல்லை என்பதால் விலகி நின்றுகொண்டேன். சிறு தட்டில் நாலைந்து வத்தலை வைத்து அவர் மடியில் கொடுத்தீர்கள். அவர் ஒன்றை எடுத்துப் பாதி கடித்து, மெதுவாக மென்று விழுங்கிவிட்டு, மீதியைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். "அக்கா, உப்பு ரொம்பக் கரிக்குது" என்றார்.

நீங்கள் என்னைத்தான் பார்த்தீர்கள். பிறகு அவர் கடித்து வைத்த பாதியை எடுத்து உங்கள் வாயில் போட்டுக்கொண்டு, "எப்பவும் போடுற உப்புதானடா" என்று சொல்லி, தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டீர்கள்.

நான் அவருக்குச் சொல்லிக்கொடுத்துப் பேசவைத்ததாக நீங்கள் நினைத்தீர்கள். இல்லை. உப்பைக் குறைத்துச் சில வாரங்கள் உண்டுவந்தால் நாக்கு அந்த அளவுக்குப் பழகிக்கொள்ளும், முன்பு சரியாக இருந்த பண்டம் அதன் பிறகு கரிக்கத் தொடங்கும். இது எல்லோருடைய நாக்குக்கும் நடப்பது. சிறுநீரக நோயே வாயின் ருசியை மாற்றிவிடும் என்றும் மருத்துவர் சொன்னார், ஆகையால் அன்று நடந்தது முழுக்க என் சமையலின் பலன் என்றுகூட நான் உரிமை கொண்டாட முடியாது. அவருக்கு உங்கள் கை மறந்துபோகவில்லை, மதினி. நாக்குதான் மாறிப்போயிருந்தது.

அந்தக் கணத்தில் என் முகத்தில் ஒரு புன்னகை வந்ததையும் நீங்கள் கண்டீர்கள். அதற்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அத்தனை மாதங்களாக, கல்யாணமான நாளிலிருந்து அவருக்குப் பிடித்த ஒவ்வொன்றையும் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டே இருந்தவளுக்கு, அவர் வாயிலிருந்தே வந்த அந்த ஒரு சொல் எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும் என்பதை நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இருந்தாலும் ஒரு பெண் சித்திரை வெயிலில் காயை மோரிலும் உப்பிலும் ஊறவைத்து, நாள்தோறும் மாடிக்கு ஏற்றி இறக்கிக் காயவைத்துக் கொண்டுவந்ததை அவள் தம்பி கீழே வைக்கும்போது நான் சிரித்திருக்கக் கூடாது.

அன்றிரவு அவர் உங்களுக்குப் போன் செய்து வத்தல் நன்றாக இருந்தது என்று சொன்னார். அடுத்த அறையில் படுத்தபடி நான் கேட்டுக்கொண்டிருந்தேன். உட்கார்ந்தால் மூச்சு வாங்குகிற நிலையிலும், அக்காவின் மனம் நோகக் கூடாது என்று அவர் எழுந்து உட்கார்ந்து பொய் சொன்னார். அவருடைய வாழ்நாள் முழுவதும் அப்படித்தான் நடந்தது. நீங்கள் வைத்த தட்டில் மிச்சம் வைத்தால் உங்களுக்கு வருத்தமாக இருக்கும் என்பதற்காக அவர் தின்ற கருவாட்டுக்கும் ஊறுகாய்க்கும் யார் கணக்கு வைத்தார்கள்? மாத்திரையோடு உப்பையும் குறைக்கச் சொல்லி 41 வயதிலேயே மருத்துவர் எச்சரித்ததை அவர் உங்களிடம் சொல்லாததும் அந்தக் காரணத்தால்தான். உங்கள் பாசத்தை நான் குறை சொல்லவில்லை. அதற்கு மறுப்புச் சொல்ல அவருக்கு ஒரு வழியையும் நீங்கள் விட்டுவைக்கவில்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

இளநீர்க் குலையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன் என்பது உங்கள் இன்னொரு மனத்தாங்கல். இளநீர் சூட்டைத் தணிக்கும், சிறுநீரைப் பிரிக்கும் என்று நம்பித்தான் கொண்டுவந்தீர்கள். நல்ல உடம்புக்கு அது நல்ல பானம் என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் அதில் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரகம் அதை வெளியேற்ற முடியாமல் போனால் இரத்தத்தில் அதன் அளவு ஏறி, இதயத் துடிப்பையே குலைத்துவிடும். அதனால்தான் அவருக்கு வாழைப்பழமும் நிறுத்தப்பட்டது. காய்களையும் பொடியாக நறுக்கி, வெந்நீரில் ஊறவைத்து, நீரை வடித்த பிறகே சமைத்தேன். நாட்டு மருந்துக் கடையில் வாங்கி அனுப்பினீர்களே, அந்த இந்துப்பும் சாதாரண உப்பைப் போலத்தான். மலையிலிருந்து வெட்டினாலும் கடலிலிருந்து வாரினாலும் அதில் பெரும்பங்கு சோடியம் குளோரைடுதான். மற்ற தாதுக்கள் அதில் இருப்பது மிகச் சொற்பம். அதைக் கெடுதல் இல்லாத உப்பு என்று நம்பி அளவில்லாமல் போட்டுக்கொள்பவர்கள் நம் சொந்தத்திலேயே பலர் உண்டு என்பதால் இதைச் சற்று அழுத்தியே எழுதுகிறேன்.

இனி ஜாடியைப் பற்றி. திவசம் முடிந்து நீங்கள் புறப்படும்போது, பிள்ளைக்குக் கொடு என்று சொல்லி என் கையில் கொடுத்த வத்தல் ஜாடி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அவனுக்கு அதைக் கொடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். வேலை பார்க்கும் இடத்தில் நடந்த மருத்துவப் பரிசோதனையில் அவனுக்கு இரத்த அழுத்தம் 146/94 இருந்தது; வேறொரு நாள் அளந்தபோதும் 140-க்குக் கீழே இறங்கவில்லை. சிறுநீரகம் இப்போதைக்கு நன்றாக இருக்கிறது. அவனுக்குத் தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, ஒன்றுமே இல்லை. அவன் அப்பாவுக்கும் ஒன்றுமே இல்லாமல்தான் இருந்தது. அவன் வளர்ந்த பிள்ளை, வெளியில் எதை வாங்கித் தின்றாலும் நான் தடுக்க முடியாது. ஆனால் என் கையால், உங்கள் பெயரைச் சொல்லி, அது அவன் தட்டுக்குப் போகாது.

அவனுக்கு ஏதாவது செய்து அனுப்ப வேண்டும் என்று உங்கள் மனம் அடித்துக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியும். சீனியவரைக்காயை உப்பில்லாமல் வேகவைத்து, ஈரமே இல்லாதபடி காயவைத்து அனுப்புங்கள். பொரித்த பிறகு மிளகுப்பொடி தூவிக் கொடுக்கிறேன். நீங்கள் வைக்கும் சொதியையும் அவன் கேட்டுக்கொண்டே இருக்கிறான். தேங்காய்ப்பாலும் இஞ்சியும் எலுமிச்சையும் உள்ள குழம்பில் பாதி உப்பே போதும்.

உங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். படையலுக்கு முன் நீங்கள் செருப்பைக் கழற்றியபோது, வார் அழுந்திய தடம் உங்கள் பாதத்தில் ஆழமாகப் பதிந்திருந்தது. அந்தத் தடம் எனக்குப் பழக்கமானது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டு வாசலுக்கே வந்து கொடுத்துவிட்டுப் போகும் இரத்த அழுத்த மாத்திரையை நீங்கள் தலை சுற்றும் நாட்களில் மட்டும் போட்டுக்கொள்வதாக உங்கள் மகள் வருத்தப்பட்டாள். தயவுசெய்து தினமும் போடுங்கள். சிறுநீரகத்தின் நிலை தெரிய, இரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவையும் சிறுநீரில் புரதத்தையும் ஒரு முறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். சோடியத்தில் ஒரு பங்கைக் குறைத்துப் பொட்டாசியம் சேர்த்த உப்பு இப்போது கடைகளில் கிடைக்கிறது. சீனாவின் 600 கிராமங்களில் அப்படிப்பட்ட உப்பைப் பயன்படுத்திப் பார்த்ததில் பக்கவாதம் குறைந்ததாக 2021-இல் ஆய்வு வெளியானது. ஆனால் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கும், பொட்டாசியத்தை உடலில் தேக்கும் சில இரத்த அழுத்த மாத்திரைகளை உண்பவர்களுக்கும் அது ஆபத்து. பரிசோதனை முடிவு வந்து மருத்துவர் சரி என்று சொல்லும்வரை அதை வாங்கிவிடாதீர்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் சொல்லுங்கள், நான் வந்து அழைத்துப் போகிறேன்.

திவசத்தன்று சொன்ன சொல்லை நீங்கள் திரும்பப் பெற வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தம்பியை இழந்த துக்கத்தில் வந்த சொல் அது. எனக்கும் யார் மீதாவது கோபப்பட்டால் தேவலை என்று தோன்றிய நாட்கள் உண்டு. அவன் முன்னால் மட்டும் அதை இன்னொரு முறை சொல்லாதீர்கள். அன்று நீர்ச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு அவன் உங்களுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தான். அப்பாவுக்கு ஆசைப்பட்டதைக் கொடுக்காத அம்மா என்ற எண்ணம் அவன் மனதில் விழுந்துவிட்டால், உப்பைக் குறைத்துக்கொள் என்று நான் சொல்லும் எதையும் அவன் காதில் வாங்க மாட்டான்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி