செயலாளரின் ஆண்டறிக்கை 2024: தமிழ்ப் பெற்றோருக்காகத் தனியாக

எல்லோருக்கும் வணக்கம். நம் பிள்ளைகள் கோடை முகாமுக்குப் போகும் கரீபியன் சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் ஆங்கிலத்தில் வாசித்த அறிக்கை உங்கள் எல்லோருக்கும் வந்திருக்கும். அதைத் திறந்து பார்த்த தமிழ்ப் பெற்றோர் மிகக் குறைவு என்பதும் எனக்குத் தெரியும், ஏனென்றால் அனுப்பிய அடுத்த நாளே "தங்கச்சி, அடுத்த வருசம் காம்ப் இருக்கோ இல்லையோ" என்று கேட்டுத் தொலைபேசி அடிக்கத் தொடங்கிவிட்டது. அது அறிக்கையின் முதல் பந்தியிலேயே இருக்கிறது. சரி, இருக்கட்டும். அதனால்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன். இது அந்த அறிக்கையின் மொழிபெயர்ப்பு இல்லை, அங்கே பூசி மெழுகிச் சொன்ன சிலவற்றை இங்கே நேராகச் சொல்லப் போகிறேன்.

முதலில், நாம் பிள்ளைகளை அனுப்பும் இந்தச் சங்கம் எப்படிப்பட்டது என்று பலருக்குத் தெரியாது. ரொறன்ரோ ஸ்காபரோவில் கோடை முகாம் மலிவாக நடத்தும் ஒரு இடம் என்றுதான் நினைக்கிறோம். நானும் எட்டு வருடத்துக்கு முன் அப்படி நினைத்துத்தான் மகனைக் கொண்டுபோய் விட்டேன். இதைத் தொடங்கியவர்கள் கரீபியன் தீவுகளிலிருந்து வந்த பெண்கள். 1955ல் கனடா அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஜமைக்கா, பார்படோஸ் போன்ற இடங்களிலிருந்து 18 முதல் 35 வயது வரையான, திருமணமாகாத, பிள்ளை இல்லாத பெண்கள் வரலாம், ஒரு வருடம் யாராவது வீட்டில் வேலைக்காரியாக இருக்க வேண்டும், அதற்குப் பிறகு நிரந்தரமாகத் தங்கலாம். ஆசிரியையாக இருந்தவர்கள்கூட அப்படி வந்து இங்கே நிலம் துடைத்திருக்கிறார்கள். 1993ல் நாடாளுமன்றத்துக்குத் தெரிவான முதல் கறுப்பினப் பெண் ஜீன் ஒகஸ்டின் 1960ல் கிரெனடாவிலிருந்து அந்தத் திட்டத்தில் வந்தவர்தான். பெப்ரவரி மாதத்தைக் கறுப்பின வரலாற்று மாதமாக நாடாளுமன்றம் ஏற்றது அவர் கொண்டுவந்த பிரேரணையால்.

பிள்ளை இல்லாதவர்கள் மட்டும் வரலாம் என்றால் பிள்ளை இருந்தவர்கள் என்ன செய்திருப்பார்கள்? சொல்லாமல், அம்மம்மாவிடம் விட்டுவிட்டு வந்தார்கள். பல வருடம் கழித்து அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டபோது, விமான நிலையத்தில் இறங்கிய பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அம்மாவின் முகமே தெரியவில்லை. இந்தச் சங்கம் இன்றும் நடத்தும் குடும்ப உதவி வேலையின் வேர் அதுதான். நம்மில் எத்தனை பேரின் அப்பா கொழும்பிலிருந்து முதலில் தனியாக வந்து, ஸ்பொன்சர் பத்திரம் சரிவர ஆறு ஏழு வருடம் காத்திருந்தார் என்று யோசித்துப் பாருங்கள். இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இனி முகாம். ஜூலை 2, செவ்வாய்க்கிழமை தொடங்கி ஆறு வாரம். தொடங்குவதற்கு முதல் நாள், கனடா தினத்தன்று, பெரில் சூறாவளி கரியாகூ தீவை அடித்தது. கிரெனடாவைச் சேர்ந்த சின்னத் தீவு. அரை மணி நேரத்தில் தரைமட்டமாகிவிட்டது என்று அந்த நாட்டுப் பிரதமரே சொன்னார். எங்கள் ஸ்டீல்பான் (இரும்புப் பீப்பாயில் செய்து குச்சியால் வாசிக்கும் வாத்தியம்) ஆசிரியையின் தாயார் அங்கேதான் இருந்தார். முதல் நாள் காலை ஆசிரியை வந்தார், பிள்ளைகளுக்குக் குச்சி எப்படிப் பிடிப்பது என்று காட்டினார், இடைவேளையில் வெளியே போய்த் தொலைபேசியை அழுத்திப் பார்த்தார், லைன் இல்லை, திரும்பி உள்ளே வந்து மறுபடி குச்சியைக் காட்டினார். ஜூலை 3 அன்று அதே புயல் ஜமைக்காவின் தென்கரையோரம் போனபோது சமையலறையில் நிற்கும் அன்ரிமார் இரண்டு பேருக்கும் அதே நிலை. ஆசிரியையின் தாயார் உயிரோடு இருக்கிறார் என்ற செய்தி வர நான்கு நாள் ஆனது, கூரை போய்விட்டது.

அந்த வாரக் கடைசியில் முகாம் மண்டபம் பொதி கட்டும் இடமாக மாறியது. எங்கள் ஊரில் பரல் என்போமே, அந்தப் பெரிய பீப்பாய்தான் கரீபியன் குடும்பங்களின் பார்சல் பெட்டி, அதை நிரப்பிக் கப்பலில் அனுப்புவார்கள். அதை அடுக்குவதற்கு ஒரு கைப்பழக்கம் வேண்டும். அரிசி, சீனி, டின் மீன் எல்லாம் அடியில், இடுக்குகளில் காலுறைகளைச் சுருட்டித் திணிக்க வேண்டும், எண்ணெய்ப் போத்தலின் மூடியை டேப்பால் சுற்ற வேண்டும், சவர்க்காரத்தை மட்டும் அரிசிக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது, வைத்தால் அங்கே சோறு சவர்க்காரம் மணக்கும். இதைத் தெரியாமல் நான் அடுக்கிய முதல் பரலை ஒரு அன்ரி முழுவதுமாகக் கவிழ்த்து மறுபடி அடுக்கினார், என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் இன்னும் கூச்சமாக இருந்தது. தமிழ்க் குடும்பங்கள் தந்த அரிசி மூட்டையும் பருப்பும் நிறைய. அதற்கு நன்றி. ஆனால் தந்துவிட்டுப் போனவர்கள் நிறையப் பேர், நின்று அடுக்கியவர்கள் மூன்று பேர்.

ஜூலை 16 மழையை ரொறன்ரோவில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். நெடுஞ்சாலையில் கார் மிதந்த நாள். எங்கள் மண்டபத்தின் அடித்தளத்திலும் தண்ணீர் ஏறி, அங்கே வைத்திருந்த பான்கள் நனைந்துவிட்டன. துடைத்துக் காயவைத்தோம், ஆனாலும் தாழ்ந்த சுரம் வாசிக்கும் இரண்டு பேஸ் பானில் துரு பிடித்து சுரம் விலகிவிட்டது. ஸ்டீல்பானைச் சரிசெய்ய ட்யூனர் என்று தனியாக ஒருவர் வேண்டும், அவர் சின்னச் சுத்தியலால் ஒவ்வொரு சுரக் குழியையும் தட்டித் தட்டிச் சரிக்கட்டுவார். கோடையில், கரீபியன் கார்னிவல் திருவிழா நேரத்தில், அப்படி ஒருவரைப் பிடிப்பது கல்யாண மாதத்தில் தவில்காரரைப் பிடிப்பது மாதிரி. செலவைப் பொருளாளர் கணக்கறிக்கையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பானைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் "எண்ணெய்ப் பரலைத் தட்டப் பழக்குறியளோ" என்று ஒரு தகப்பன் என்னிடமே கேட்டார். ஆமாம், எண்ணெய்ப் பரல்தான். ட்ரினிடாட்டில் 1880களில் வெள்ளைக்கார அரசு ஆபிரிக்க மேளங்களைத் தடைசெய்தது. சனம் மூங்கிலை வெட்டி நிலத்தில் குத்தித் தாளம் போட்டது. பிறகு பிஸ்கட் டின், குப்பைவாளி மூடி, கடைசியில் 1940களில் 55 கலன் எண்ணெய்ப் பரல். அதன் அடிப்பாகத்தைச் சட்டி மாதிரிக் குழித்து, சுரம் சுரமாகப் பிரித்து எடுத்தார்கள். இன்று அது ட்ரினிடாட் டொபாகோவின் தேசிய வாத்தியம். வயலின் படிக்கும் நம் பிள்ளை ஒன்று முதல் வாரம் அழுதேவிட்டது, காரணம் ச-வுக்குப் பக்கத்தில் ரி இல்லை. மேல்சுரம் வாசிக்கும் டெனர் பானில் ச-வுக்கு ஒரு பக்கம் ப, மறுபக்கம் ம, அப்படியே வட்டமாகப் போகும். மூன்றாவது வாரம் அதே பிள்ளை வீட்டில் சாப்பாட்டு மேசையில் கரண்டியால் அந்த வட்டத்தைத் தட்டிக்கொண்டிருப்பதாகத் தாய் சொன்னார். அவர் அதைப் புகாராகத்தான் சொன்னார்.

ஓகஸ்ட் 11ஐ ஐ.நா. சபை 2023ல் உலக ஸ்டீல்பான் தினமாக அறிவித்தது. இந்த வருடம் அது ஞாயிற்றுக்கிழமையில் வந்ததால் பிள்ளைகளை வைத்துச் சின்னதாக ஒரு வாசிப்பு வைத்தோம். அறிவிப்புத் தாள் தயாரிக்கும்போதுதான் அந்தத் திகதி எனக்கு உறைத்தது. 1986 ஓகஸ்ட் 11 அன்றுதான் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை மீனவர்கள் கண்டு ஏற்றினார்கள். வாசிப்பு முடிந்த பிறகு இதைச் சொன்னேன். நம் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அந்தக் கதை தெரியாது. பின்வரிசையில் இருந்த கிரெனடா அன்ரி ஒருவர் எழுந்து, "அந்தப் படகுக்காரரின் பெயர் என்ன?" என்று கேட்டார். கஸ் டால்டன் என்றேன். அவர் அதைத் தன் சின்னப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். நம் ஆட்கள் யாரும் கேட்கவில்லை.

சாப்பாட்டு விஷயத்தில் இந்த வருடம் புகார் குறைவு. ஜமைக்காவின் "பற்றி" (patty, உள்ளே இறைச்சி வைத்து மடித்துச் சுட்டது) கொடுத்தால் சாப்பிடுகிறார்கள், நம் ஊர் பற்றீஸின் அண்ணன்தானே. 1985ல் இதே ரொறன்ரோவில் அதை "பீஃப் பற்றி" என்று சொல்லி விற்கக்கூடாது, அந்தப் பெயர் ஹம்பேர்கர் இறைச்சிக்குத்தான் என்று அரசு சொல்லி, கடைக்காரர்கள் சண்டை பிடித்து, கடைசியில் ஜமைக்கன் பற்றி என்று சமாதானமானதை அன்ரிமார் பிள்ளைகளுக்குச் சொல்லச் சொல்லப் பெரிய சிரிப்பு. ஜமைக்கா கலலூ நம் முளைக்கீரைக் குடும்பம்தான், தேங்காய்ப்பூ போட்டால் வித்தியாசம் தெரியாது. வெள்ளிக்கிழமை சைவம் கேட்டவர்களுக்கு அதையே கொடுத்தோம்.

குடும்ப உதவிப் பக்கம் எனக்குக் கோபம் உண்டு. மார்ச்சிலும் ஏப்ரலிலும் சனிக்கிழமைகளில் இலவசமாக வருமான வரிப் பத்திரம் நிரப்பிக் கொடுத்தோம், பயிற்சி எடுத்த தொண்டர்கள் இருந்தார்கள். கரீபியன் குடும்பங்கள் வந்தன. நம் குடும்பங்கள் "எங்களுக்கு வருமானம் இல்லை, எதுக்கு நிரப்ப வேணும்" என்று இருந்துவிட்டு, ஜூலையில் அரசு மாதாமாதம் தரும் பிள்ளைக் கொடுப்பனவு நின்ற பிறகு ஓடி வந்தன. இன்னும் ஒருமுறை எழுதுகிறேன்: வருமானம் ஒரு சதம்கூட இல்லாவிட்டாலும் கணவன், மனைவி இருவரும் வருடாவருடம் வரிப்பத்திரம் கொடுக்க வேண்டும், ஒருவர் கொடுக்காவிட்டாலும் ஜூலையில் பணம் நின்றுவிடும். குறைந்த வருமானக் குடும்பத்துக்கு, ஆறு வயதுக்குட்பட்ட ஒரு பிள்ளைக்கு அது வருடத்துக்கு ஏழாயிரம் டொலருக்கு மேல். வெட்கப்பட்டு வராமல் இருந்த ஒரு தாய்க்கு நான்கு மாதப் பணம் தாமதமானது. வந்து கேட்பதில் ஒரு வெட்கமும் இல்லை.

பெரிய பிள்ளைகளைப் பற்றியும் ஒன்று. உயர்பள்ளி முடிக்க 40 மணி நேரத் தொண்டு வேண்டும் என்பதற்காக வந்து, சுவரில் சாய்ந்து தொலைபேசியைப் பார்த்துவிட்டு, கடைசி நாள் கையெழுத்துக்கு மட்டும் நீட்டிய தாள்களில் சிலவற்றுக்கு நான் கையெழுத்துப் போடவில்லை. பெற்றோர் கோபித்தார்கள். அடுத்த வருடமும் அப்படித்தான் செய்வேன்.

கடைசியாக, பெயர் மாற்றம். முகாமில் இப்போது பாதிக்கு மேல் தமிழ்ப் பிள்ளைகள், ஆகவே சங்கத்தின் பெயரிலிருந்து கரீபியன் என்ற சொல்லை எடுத்து "பல்கலாசார" என்று போடலாம், பான் நேரத்தில் பாதியைப் பரதநாட்டியத்துக்கு ஒதுக்கலாம் என்று நம் பெற்றோர் சிலர் கையெழுத்திட்ட கடிதம் வந்தது. செயற்குழுவில் நான் எதிர்த்துப் பேசினேன், அதை மறைக்கவில்லை. ஸ்காபரோவில் பரதநாட்டியம் படிக்க இடமா இல்லை? தெருவுக்கு ஒரு வகுப்பு இருக்கிறது. பான் படிக்க எத்தனை இடம்? நமக்குக் கதவு திறந்துவிட்டவர்களின் பெயரை, நாம் எண்ணிக்கையில் கூடினோம் என்பதற்காக அழிப்பது என்ன நியாயம்? எண்ணிக்கையைக் காட்டிப் பெயரை மாற்றுவது எப்படி இருக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டுமா? அதுவும் ஒருபுறம் இருக்கட்டும், கரீபியன் என்றால் நமக்குச் சம்பந்தம் இல்லாத இடம் என்று நினைப்பதே தவறு. சமையலறையில் உதவும் கயானாக்கார அன்ரியைக் கேட்டுப் பாருங்கள். அவருடைய பூட்டனார் சென்னைத் துறைமுகத்திலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறியவர். தமிழ் ஒரு சொல்லும் வராது, ஆனால் மாரியம்மன் பூசைக்குப் போவார், அங்கே அடிக்கும் மேளத்துக்கு அவர் சொல்லும் பெயர் "தப்பு", நம் தப்பு மேளமேதான்.

அடுத்த விசேட கூட்டத்தில் இதற்கு வாக்கெடுப்பு. சந்தா கட்டியவர்களுக்கு மட்டுமே வாக்கு, கடிதத்தில் கையெழுத்திட்டவர்களில் பலர் கட்டவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். முகாம் பதிவு மார்ச் முதல் வாரம். உதவிக்கு வர விரும்பும் பெரியவர்கள் பொலிஸ் சான்றிதழுக்கு இப்போதே விண்ணப்பியுங்கள், அது கைக்கு வர வாரக்கணக்காகும், ஜூனில் வந்து நின்றால் நான் ஒன்றும் செய்ய முடியாது.

ஒரு உதவி. மழைக்குப் பிறகு பான்கள் எல்லாம் என் வீட்டுக் கராஜில்தான் இருக்கின்றன. பேஸ் மட்டுமே ஒரு தொகுதிக்கு ஆறு முழுப் பரல். என் கணவரின் கார் இரண்டு மாதமாகப் பனியில் நிற்கிறது, அவர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் காலையில் கண்ணாடியைச் சுரண்டும் சத்தம் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே வருகிறது. காய்ந்த இடமும் ஒரு வானும் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து எனக்கு அழைக்கவும்.

செயலாளர்