முதியோர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் ஐயா அவர்களே, செயற்குழுவினரே, வந்திருக்கும் அங்கத்தவர்களே (வராதவர்களுக்கு யாராவது சொல்லிவிடுங்கள்),

இவ்வாண்டு செயற்குழு ஒன்பது தடவை கூடியது. அதில் மூன்று தடவை ஆள் போதாமல் கலைந்தது. பொங்கல் விழா நடந்தது. கண் பரிசோதனை நடந்தது. கொக்கட்டிச்சோலைக் கோயில் தேருக்கு வான் பிடித்துப் போய்வந்தோம். காலமான இரு அங்கத்தவர்களுக்கு மலர்வளையம் வைத்தோம்.

இனிப் பாடசாலை விடயம். ஒக்டோபர் 1ஆம் திகதி நம் இலங்கையில் சிறுவர் தினமும் முதியோர் தினமும் ஒன்றாகவே வருகின்றன. பிள்ளைகளுக்கு அங்கே ஐஸ்கிரீம், நமக்கு இங்கே பொன்னாடை. ஒரே நாளில் வைத்தும் இரு பகுதியும் முகம் பார்ப்பதில்லையே என்று சென்ற பொதுக்கூட்டத்தில் நான் சொன்னபோது கைதட்டினீர்கள். பாடசாலையில் முதுமை பற்றி வகுப்பெடுக்க வருவதாகப் பன்னிரண்டு பேர் பெயரும் எழுதித் தந்தீர்கள். அந்தத் தாள் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. தரம் 10, 11 மாணவர்களிடம் ஐந்து புதன்கிழமைகள் போனோம். போனோம் என்றால் நானும் பொருளாளரும். ஒரு நாள் மட்டும் தலைவர்.

முதியவர் என்றால் எத்தனை வயது என்று கேட்டேன். எண்பது என்றார்கள். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி 60 என்றதும், பின்வரிசைப் பையன் ஒருவன் தன் வகுப்பாசிரியரைத் திரும்பிப் பார்த்தான். பெற்றோரை வேண்டுமென்றே கைவிடக் கூடாது என்கிறது அதே சட்டம். தம்மைப் பராமரிக்க வழியில்லாத பெற்றோர் பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புக் கோரி விண்ணப்பிக்கலாம் என்றும் விளக்கினேன். ஒரு மாணவி எழுந்து, “மகன் கட்டாரில் இருந்தால், ஐயா?” என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. பொருளாளர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் வாரம் பழைய மூக்குக்கண்ணாடிகளில் தேங்காய் எண்ணெய் தடவி மாட்டிவிட்டு, விரல்களில் பிளாஸ்டர் சுற்றி, கிளினிக் மருந்து உறையை வாசித்து மாத்திரை எடுக்கச் சொன்னோம். சிரிப்பு இரண்டு நிமிடத்தில் அடங்கியது. இரவு உறையிலிருந்து காலை மாத்திரை என்று எடுத்து நீட்டிய ஒருவன், கண்ணாடியைக் கழற்றாமலே தன் பாட்டியைப் பற்றி, “பெத்தா என்னிடம்தான் வாசிக்கத் தருவா. நான் போனைப் பார்த்துக்கொண்டே ஏதாவது சொல்லிவிடுவேன்” என்றான்.

தலைவர் வந்த அன்று மட்டக்களப்பைத் தாக்கிய 1978 நவம்பர் 23 சூறாவளியைப் பற்றிப் பேசத் தொடங்கினார். மணி அடித்தும் நிறுத்தவில்லை. பிள்ளைகளும் எழும்பவில்லை என்பதையும் நேர்மையாகப் பதிகிறேன்.

கணக்கு விபரம் பொருளாளரிடம் இருக்கிறது. வரவுக்குள் செலவு அடங்கிற்று என்பது சுருக்கம். எண்ணெய், பிளாஸ்டர், முச்சக்கரவண்டிக் கூலி என் சட்டைப்பையிலிருந்து போயின. திருப்பிக் கேட்பதற்காகச் சொல்லவில்லை. மாதச் சந்தா ஐம்பது ரூபாய். பதினேழு பேர் தை மாதத்திலிருந்து கட்டவில்லை. அவர்களில் நால்வர் கொக்கட்டிச்சோலை வானில் முன் ஆசனம் பிடித்தவர்கள்.

அதிபர், ஆசிரியர்கள், கிராம உத்தியோகத்தர், மண்டபம் தந்த ஆலய பரிபாலன சபையினர் யாவருக்கும் நன்றி.

வரும் ஆண்டு பக்கத்துப் பாடசாலையும் கேட்டிருக்கிறது. எனக்கு இடது கண்ணில் வெள்ளை படர்ந்துவிட்டது. என் கண்ணாடிக்கு இனி எண்ணெய் தேவையில்லை. செயலாளர் பதவியை விரும்புகிறவருக்கு இன்றே கொடுத்துவிடுவேன். விரும்பாதவர்கள் புதன்கிழமை ஒரு மணித்தியாலம் வந்தாலும் போதும், மோட்டார் சைக்கிள் உள்ளவர்களாயின் மிக நல்லது. சந்தாப் புத்தகம் வாசலருகே மேசையில் இருக்கிறது. பேனையும் வைத்திருக்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்