பிள்ளையைக் காட்ட மறுப்பவர்களுக்கு வாய்தாவே துணையாகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணவன் மனைவி பிரிந்த பின் பிள்ளை ஒருவரிடம் வளர, மற்றவர் குறித்த நாள்களில் வந்து பார்க்கலாம் என்று குடும்பநல நீதிமன்றங்கள் உத்தரவிடுகின்றன. அந்த உத்தரவை மீறுபவர்கள் மீது காலத்தோடு நடவடிக்கை இல்லாததால், அது வெறும் காகிதமாகிவிடுகிறது.

என் தம்பி ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை காலையில் மகளைப் பார்க்கலாம் என்பது இடைக்கால உத்தரவு. இரவு ஷிப்ட் முடிந்ததும் தூங்காமல் பஸ் ஏறி வருவான். காய்ச்சல், பரீட்சை, ஊரில் திருவிழா என்று வக்கீல் மூலம் ஏதேனும் ஒரு காரணம் வரும். பல நாள் அதுவும் வராது. மகள் எவ்வளவு வளர்ந்திருக்கிறாள் என்று தெரியாததால், துணிக்கடையில் அவள் வயதைச் சொல்லித்தான் பாவாடை சட்டைக்கு அளவு கேட்கிறான். உத்தரவை மீறுகிறார்கள் என்று அவள் முதல் வகுப்பில் இருந்தபோது அவன் போட்ட மனு, மூன்றாம் வகுப்புக்குப் போன பிறகும் நிலுவையில் இருக்கிறது.

சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. 1984ஆம் ஆண்டின் குடும்பநல நீதிமன்றச் சட்டம், 18ஆம் பிரிவின்படி, இத்தகைய உத்தரவுகளைச் சிவில் நீதிமன்றத் தீர்ப்பைப் போலவே நிறைவேற்ற இடமளிக்கிறது. வேண்டுமென்றே மீறுபவரின் சொத்தை ஜப்தி செய்யவும், அவரைச் சிவில் சிறையில் வைக்கவும் வழியுண்டு. நீதிமன்ற அவமதிப்பு என்று போவதானால் சென்னை உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். அதுவும் மீறல் நடந்த ஓராண்டுக்குள் போக வேண்டும். தினக்கூலிக்கோ ஷிப்ட் வேலைக்கோ போகிறவர்களால் அது ஆகிற காரியமா? நீதிமன்றம் கேட்டும் பிள்ளையை ஆஜர்படுத்தாதவருக்கு 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டம் விதிக்கும் அபராதமோ 100 ரூபாய். எத்தனை நாள் இழுத்தடித்தாலும் கூடுதல் அபராதம் 500 ரூபாயைத் தாண்டாது. அதே சட்டத்தில் சிவில் சிறைக்கும் இடமுண்டு என்றாலும், மனு விசாரணைக்கே வராதபோது அதற்கு யார் அஞ்சப் போகிறார்கள்?

தாமதத்தின் கொடுமை பிறகுதான் தெரியும். வருடக்கணக்கில் பார்க்கவிடாமல் வைத்திருந்து, இறுதி விசாரணையில் பிள்ளையின் விருப்பத்தைக் கேட்டால், முகம் மறந்துபோன அப்பாவிடம் போக அது எப்படிச் சம்மதிக்கும்? மீறியவருக்கு அந்த மீறலே சாதகமாகிவிடுகிறது. தாய், தந்தை இருவரின் அன்பையும் பெறுவது பிள்ளையின் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2020இல் ஒரு வழக்கில் கூறியிருக்கிறது.

இதைப் பெண்களுக்கு எதிராக நான் எழுதவில்லை. பிள்ளையைப் பிடித்து வைத்துக்கொண்டு தாய்க்குக் காட்டாத தந்தையரும் உண்டு. ஜீவனாம்சம் கட்டாமல் ஏமாற்றுகிறவர்களும் உண்டு, அவர்களையும் சட்டப்படி சிறைக்கு அனுப்பலாம். ஆனால் பணம் வரவில்லை என்று பிள்ளையை மறைப்பதும், பிள்ளையைக் காட்டவில்லை என்று பணத்தை நிறுத்துவதும் இரண்டுமே தவறு. அடி உதைக்குப் பயந்தோ வேறு நியாயமான அச்சத்தாலோ பிள்ளையை அனுப்பத் தயங்குபவர், உத்தரவை மாற்றக் கோரி உடனே மனுச் செய்ய வேண்டும்; சொல்லாமல் வராமலிருப்பது அதற்கு வழியாகாது.

மீறல் குறித்த மனுவை, அடுத்த சந்திப்பு நாளுக்கு முன்பே விசாரணைக்கு எடுக்க வேண்டும். தவறிப்போன நாள்களுக்கு ஈடாக வேறு நாள்களை அதே உத்தரவில் குறித்துக் கொடுத்து, வீணாக வந்து திரும்பியவரின் பயணச் செலவை மீறியவரிடமிருந்து வசூலிக்க வேண்டும். நூறு ரூபாய் அபராதத்தை நாடாளுமன்றம் திருத்த வேண்டும் என்று நம் பகுதி எம்.பி.க்கள் குரல் கொடுக்க வேண்டுமெனவும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.
(பிள்ளையின் நலன் கருதிப் பெயரை வெளியிட வேண்டாம்.)